நீரிறைக்கும் மோட்டாரின் தன்னியக்கக் கட்டுப்படுத்தி: கோளாறு அறியும் முறை

துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்த காலத்தில், கிணற்றில் நீர் தாழ்வதை இறைப்பவரின் கண்ணே கண்டுகொண்டது. இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் அவ்வேலை சிறியதோர் இலத்திரனியற் கட்டுப்படுத்தியிடம் விடப்பட்டுள்ளது. குறித்த வேளையில் மோட்டாரை ஓட்டுவதும், நீர் தாழ்ந்தவிடத்து நிறுத்துவதும் அதன் கடமையாம். முற்றாகப் பழுதடைந்த கருவியாற் பெருங்கேடு விளைவதில்லை. கமக்காரர் அதனை உடனே அறிந்து கையால் இயக்கிக்கொள்வர். ஒரு நாள் இயங்கி மறுநாள் இயங்காத கருவியே அபாயமானது. அதனை நம்பி வெளியூர் சென்றவரின் மிளகாய் நாற்றுமேடை இரண்டு வெயில் நாட்களிற் கருகிவிடும். மோட்டார் நில்லாது ஓடினால் கேடு இன்னும் பெரிது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் படையில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவின்றி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். வெங்காயமும் போஞ்சியும் உவரைத் தாங்கா.

கோளாறு கண்டவுடன் புதுக் கருவி வாங்குதல் பலரது வழக்கம். பெரும்பாலும் இது வீண்செலவேயாம். குற்றம் கம்பியிலோ மின்வாயிலோ இருப்பின், புதிய கருவியும் பழையதுபோலவே நடந்துகொள்ளும். முதலில் ஒரு கொப்பியில் மோட்டார் ஓடாத நாள், மணி, மழை பெய்ததா, மின்சாரம் தடைப்பட்டதா என்பவற்றை ஒரு வாரம் குறித்தல் நன்று. மாலையில் மட்டும் நேரும் கோளாறு வோல்ற்றளவு குறைவதையும், மழைக்குப் பின் நேர்வது ஈரக்கசிவையும், மின்தடைக்குப் பின் நேர்வது கருவியின் மணிக்கூட்டையும் சுட்டும். மணிக்கூட்டிலுள்ள நாணய வடிவான 3 வோல்ற்று மின்கலம் வலுவிழந்தால், ஒவ்வொரு மின்தடையின் பின்னும் நேரம் பிழைக்கும். மோட்டார் நள்ளிரவில் ஓடும். மின்கலத்தை மாற்றுவதே இதற்குப் பரிகாரம்.

அடுத்துக் காதாற் சோதித்தல் வேண்டும். குறித்த வேளையில் கருவியினுள்ளே றிலே ‘டிக்’ என ஒலித்தும் மோட்டார் ஓடாவிடின், குற்றம் பெரும்பாலும் றிலேயின் தொடுகைமுனையிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. ஒலி கேளாவிடின் குற்றம் கருவியிலோ, அதற்கு வரும் மின்சாரத்திலோ, நீர்மட்டம் அறியும் மின்வாய்களிலோ இருக்கும். மோட்டார் உறுமியும் சுழலாவிடின் உடனே நிறுத்துக. அது கட்டுப்படுத்தியின் குற்றமன்று. குறைந்த வோல்ற்றளவு, பழுதான கொள்ளளவி, இறுகிய பம்பி ஆகியவற்றுள் ஒன்றாகும்.

மின்வாய்களே அடிக்கடி ஏமாற்றுவன. குடாநாட்டுக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு அவற்றின்மேல் வெண்படையாகப் படிய, நீர் நிறைந்திருந்தும் ‘நீர் இல்லை’ எனக் கருவி கருதும். பாசியோ நனைந்த சிலந்திவலையோ இரு மின்வாய்களையும் இணைத்தால், நீர் வற்றிய பின்னும் ‘நீர் உண்டு’ என்றே கருதும். மின்சாரத்தை நிறுத்தி, மின்வாய்களை வினாகிரியில் ஊறவைத்துத் துலக்கலாம். அதன் பின்னும் ஐயமிருப்பின், மின்வாய்க் கம்பிகளைக் கழற்றி, கருவியின் அவ்விரு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் இணைத்துப் பார்க்கலாம். அப்போது ஒழுங்காக இயங்கினால் கருவி குற்றமற்றது. குற்றம் கிணற்றுப் பக்கத்திலுள்ளது. இச்சோதனை நடக்கும்போது வறட்டோட்டக் காவல் இல்லையாதலின், ஒருவர் கிணற்றடியை விட்டு நீங்கலாகாது.

றிலே ஒட்டிக்கொள்ளுதல் தனியாகக் கூறத்தக்க நோய். ஒரு பரிவலு மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 6 அல்லது 7 அம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு இழுக்கும். சிறு றிலேயில் ‘10 அம்பியர்’ எனப் பொறித்திருப்பதை நம்பி மோட்டாரை அதனுடன் நேரே தொடுத்தால், தீப்பொறியால் முனைகள் உருகி ஒட்டிவிடும். பின்னர் கருவி ‘நில்’ என்றாலும் மோட்டார் நில்லாது. வீட்டில் அலங்கார மீன் வளர்ப்போரும் இந்நோயை அறிவர். வெப்பமூட்டியின் றிலே ஒட்டிக்கொண்டால் காலையில் மீன்கள் வெந்து மிதக்கும். மோட்டாருக்கேற்ற கொன்ராக்ரர் ஒன்றைப் பூட்டுவித்து, அதன் சுருளை மாத்திரம் கட்டுப்படுத்தி இயக்குமாறு செய்தலே தகும். மோட்டார் நிற்கும் கணத்தில் கருவியின் எழுத்துகள் மங்கினாலோ, நேரம் 12 மணிக்குத் திரும்பினாலோ, சுருளில் எழும் மின்னதிர்ச்சியே காரணமாகலாம். சுருளுக்குக் குறுக்கே அதன் வோல்ற்றளவுக்கேற்ற அதிர்ச்சியடக்கியை இணைத்தலும், மின்வாய்க் கம்பிகளை மோட்டார்க் கம்பியிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லுதலும் பயன்தரும். 230 வோல்ற்று இணைப்புகளைத் தகுதிபெற்ற மின்தொழிலாளரே தொடுதல் வேண்டும்.

எறும்புகளையும் மறத்தலாகாது. அவை றிலேயினுட் புகுந்து முனைகளுக்கிடையே நசுங்கி மின்னோட்டத்தைத் தடுக்கும், பல்லியும் அவ்வாறே. கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைவதும், துளைகள் இறுக அடைக்கப்பட்டிருப்பதும் பூச்சியையும் மழைநீரையும் ஒருங்கே தடுக்கும்.

இவையனைத்தும் செய்த பின்னும், எக்கருவியும் ஒருநாட் பிழைக்கும் எனக் கொண்டு தனிக்காவல் ஒன்று வைத்தல் வேண்டும். கிணற்றில் ஒரு மிதவை ஆளியைத் தொங்கவிட்டு, அதனைக் கட்டுப்படுத்தியினூடாக அன்றிக் கொன்ராக்ரர்ச் சுருளின் கம்பியிலேயே தொடராக இணைப்பித்தால், கட்டுப்படுத்தியின் றிலே ஒட்டிக்கொண்டாலும் நீர் தாழ்ந்தவுடன் மோட்டார் நிற்கும். மிதவை பம்பியின் உறிஞ்சுவாய்க்கு நன்கு மேலே அமைதல் வேண்டும். உவர் காணும் கிணறுகளில் இன்னும் உயர்த்துதல் நன்று. மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடும்போது மிதவையின் கம்பியை இழுத்து அதனை நீருக்கு மேலே தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்தல் வேண்டும். மோட்டார் நில்லாவிடின் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, கொன்ராக்ரரின் முனைகளையும் மிதவையின் இணைப்பையும் மின்தொழிலாளரைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும். சோதித்த திகதியைப் பெட்டியின் மூடியினுட் பென்சிலாற் குறித்துவைக்கலாம்.