இரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடங்கள்

"இரத்தம் ஏத்திட்டாங்களா? அப்போ பயமில்லை." கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இப்பேச்சைக் கேட்டே நான் வளர்ந்தேன். பெரும்பாலும் அது உண்மைதான். ஆயினும் பிறருடைய இரத்தம் நம் உடலுக்கு அந்நியப் பொருளே. உடல் அதனை ஏற்க மறுக்கும்போது எழுவதுதான் குருதியேற்ற எதிர்விளைவு.

கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் இரத்த வகைகளைப் பற்றி எழுதினார். அதற்காக 1930இல் நோபல் பரிசும் பெற்றார். ‘ஏ’ வகையினரின் இரத்தத்தில் ‘பி’ வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கும். அவருக்குத் தவறுதலாக ‘பி’ இரத்தம் ஏறினால், புதிய சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே உடையும். சிறுநீர் கறுஞ்சிவப்பாகும், இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகமும் செயலிழக்கலாம். இதற்குச் சிறிதளவு இரத்தமே போதும்.

‘ஓ’ வகை எல்லாருக்கும் பொருந்துமே என்பீர்கள். 1952இல் மருத்துவர் பெண்டேயும் குழுவினரும் அறிவித்த ‘பம்பாய் வகை’யினருக்கு அதுவும் ஆகாது. சாதாரணச் சோதனையில் அவர்கள் ‘ஓ’ வகையினராகவே தெரிவார்கள். நோயாளியின் இரத்தத்தையும் கொடையாளியின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொருத்தச் சோதனை எவ்வளவு தேவை என்பதற்கு இதுவே சான்று.

இத்தனை சோதனைக்குப் பிறகும் தவறு எங்கே நேர்கிறது? ஆய்வுக்கூடத்தைவிடக் கட்டிலருகில்தான் அதிகம். ஒருவருடைய இரத்தம் வேறொருவர் பெயரிட்ட குப்பிக்குள் போய்விடுகிறது. அல்லது ஒருவருக்கு வந்த பை அடுத்த கட்டிலில் தொங்குகிறது. ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி இருப்பது நம்மிடையே புதுமையா? "லெட்சுமி?" என்று கேட்டால் இருவருமே தலையாட்டுவர். எனவே நோயாளியே தம் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை எண்ணும் கைப்பட்டையும் பையின் ஒட்டுத்தாளும் ஒத்திருக்க வேண்டும்.

முதல் 15 நிமிடம் இரத்தத்தை மெதுவாக இறக்கிக் கவனிப்பார்கள். கடும் எதிர்விளைவு பெரும்பாலும் அப்போதே தலைகாட்டும். ஆனால் நம் பெரியவர்கள் வாய் திறப்பதில்லையே! எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் நடுங்கிக்கொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொண்டாராம். ஏர்கோன் குளிர் என்று நினைத்தாராம். மிஸ்ஸியைத் தொந்தரவு செய்ய மனமில்லையாம். காய்ச்சல் பார்க்க வந்த தாதிதான் கண்டு நிறுத்தினார். நல்ல வேளையாக, அது கொடையாளியின் வெள்ளையணுக்களால் வரும் சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அதே நடுக்கம் உயிர்போகும் எதிர்விளைவின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம். நடுங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

தாமதமாக வருவதும் உண்டு. முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கோ பிள்ளை பெற்றவர்களுக்கோ உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். மறுபடி ஏற்றினால், சில நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் கண் மஞ்சளாகும், சோர்வு திரும்பும். அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார். நம் வீட்டில் என்ன செய்வோம்? மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லியைத் தேடுவோம். மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், இரத்தம் ஏற்றிய தேதியைச் சொல்வதே முறை.

அந்நாளில் தோட்டத்து டிரசர் தமிழிலேயே விசாரிப்பார். இன்று புக்கிட் ரோத்தானிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ தஞ்சோங் காராங், சுங்கை பூலோ, கிள்ளான் மருத்துவமனைகளுக்குப் போகிறோம். தமிழ்ப்பள்ளியும் தேசியப்பள்ளியும் படித்த நமக்கு இரு மொழியும் வரும். கட்டிலருகில் உட்காரும் வேலை நம்முடையது. வெறும் ‘செஜுக்’ என்றால் இன்னொரு போர்வைதான் கிடைக்கும். ‘மெங்கிகில்’ என்றால் நடுக்கம், ‘சாக்கிட் பிங்காங்’ என்றால் இடுப்புவலி, ‘கத்தால்’ என்றால் அரிப்பு, ‘சுசா பெர்னாபாஸ்’ என்றால் மூச்சுத்திணறல். இவற்றோடு ‘பாரு மாசோக் டாரா’, அதாவது இப்போதுதான் இரத்தம் ஏறுகிறது, என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாதி உடனே இரத்தத்தை நிறுத்துவார். ஊசியைப் பிடுங்கமாட்டார், மருந்து செலுத்த அந்த வழி வேண்டும். மீதிப் பையும் புதிய இரத்த மாதிரியும் சோதனைக்குப் போகும்.