லித்தியம் ஆய்வகத்தில் சேருமுன்

கரிம லித்தியம் சேர்மங்களின் கட்டமைப்பில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கிறீர்களா? பாடநூல் ஒற்றை மூலக்கூறாக எழுதும் பியூட்டைல் லித்தியம், குடுவைக்குள் தனியாக இருப்பதில்லை. ஹெக்சேனில் ஆறாறாகத் திரண்டிருக்கும், டி.எச்.எஃப். கரைப்பானில் நான்கும் இரண்டுமாகச் சமநிலையில் இருக்கும். வினையின் வேகமும் போக்கும் இந்தத் திரளைப் பொறுத்தவை. அதை அறிவதே உங்கள் வேலை.

முதலில் கை பழக வேண்டும். 1917இல் யோகன்னா ஹோல்ட்ஸுடன் சேர்ந்து முதல் கரிம லித்தியம் சேர்மங்களை உருவாக்கியவர் வில்ஹெல்ம் ஷ்லெங்க். அவர் பெயர் தாங்கிய குடுவைகளில்தான் இன்றும் காற்று புகாமல் வேலை நடக்கிறது. 2008 டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், சிரிஞ்சிலிருந்து சிந்திய டெர்ட்-பியூட்டைல் லித்தியம் தீப்பற்றியது. ஆய்வக மேலங்கி அணியாதிருந்த 23 வயது உதவியாளர் பிழைக்கவில்லை. அனுபவசாலி ஒருவர் அருகில் நின்று கற்றுத்தராமல் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள்.

அடுத்தது என்.எம்.ஆர். இதில்தான் அதிகக் காலம் செலவிட வேண்டும். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 சுமார் 7.6 விழுக்காடுதான். ஆனால் கூர்மையான கோடுகளைத் தருவது அதுவே; செறிவூட்டிய உலோகத்தை வாங்கிச் சேர்மத்தைத் தயாரியுங்கள். கார்பன்-13 நிறமாலையில், ஒரு லித்தியத்தைத் தொடும் கார்பன் மூன்று கோடுகளாகப் பிளவுபடும். இரண்டைத் தொட்டால் ஐந்து, மூன்றைத் தொட்டால் ஏழு. கோடுகளின் இடைவெளிக்கும் கணக்கு உண்டு: பாயர், வின்செஸ்டர், ஷ்லேயர் மூவரும் 1987இல் சொன்னபடி, 17 ஹெர்ட்ஸை லித்தியங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஏறத்தாழ அது கிடைக்கும்.

வெப்பநிலையைக் கவனிக்காதவர் இங்கே ஏமாறுவார். ஹைட்ரோகார்பன் கரைப்பானில் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் நான்கு நான்காகத் திரளும். நன்கு குளிர்வித்தால் ஏழு கோடுகள், இடைவெளி சுமார் 5.4 ஹெர்ட்ஸ். அறை வெப்பத்தில் அதே திரள் ஒன்பது கோடுகள் காட்டும், இடைவெளி 4.1. திரள் மாறிவிடவில்லை, கார்பன் நான்கு லித்தியங்களுக்கிடையே வேகமாக இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

படிகத்துக்கு எக்ஸ்-கதிர். காற்றுப்படாமல் குளிர்ந்த எண்ணெய்த் துளிக்குள் படிகத்தைப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். கோட்கேயும் ஷ்டால்கேயும் 1993இல் பியூட்டைல் லித்தியத்தின் ஆறு அலகுத் திரளைப் படிகத்தில் காட்டினர். ஆனால் படிகத்தின் படத்தைக் கரைசலின் படமாக எழுதிவிடாதீர்கள். எல்.டி.ஏ. என்னும் காரம் கரைப்பான் சேராத படிகத்தில் முடிவற்ற சுருள் சங்கிலி, டி.எச்.எஃப். கரைசலில் வெறும் இரட்டை. ஆய்வேட்டில் இரண்டு சான்றும் இருக்க வேண்டும் என்பேன்.

இந்தத் திறன் மருந்துத் தொழிலுக்கும் வேண்டும். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸைத் தயாரிக்கும் முறையில், கனசதுர வடிவ லித்தியத் திரளை இனம்கண்ட பிறகே, கரைசலைக் கலந்ததும் ஏன் சற்றுச் சூடேற்றி வைக்க வேண்டும் என்பது விளங்கியது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மைனஸ் 100 டிகிரியில் லித்தியம்-6 நிறமாலை எடுக்கும் கருவி இருக்கிறதா, மாணவரே அதை இயக்க அனுமதி உண்டா என்று நேரில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.