குட்டியின் இதயத்தில் சத்தமா? திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் காய்கறி வாங்கப் போனாலும் சரி, ரேஸ் கோர்ஸ் சாலையில் விருந்துக்குப் போனாலும் சரி, நான் கால்நடை மருத்துவர் என்று தெரிந்தவர்கள் அண்மைக் காலமாக ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "டாக்டர், குட்டிக்கு ஹார்ட்ல ஏதோ சத்தம் கேக்குதாம். அப்படின்னா ஓட்டைன்னு சொல்றாங்க. ஒரு வருஷம்கூடத் தாங்காதாமே, கடையிலேயே திருப்பிக் குடுத்துடலாமா?" சொன்னது யார் என்று கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா, அலுவலக நண்பர், வாட்ஸ்அப் குழு. குட்டியின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தவர் இந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

நம்பிக்கை: சத்தம் என்றால் ஓட்டை, ஓட்டை என்றால் சாவு.

இரண்டு பாதியும் தவறு. இதய முணுமுணுப்பு ஒரு நோய் அல்ல, காதில் விழும் ஓர் ஓசை. இரத்தம் சீராக ஓடும்போது சத்தம் வராது. சுழித்துக் கலங்கி ஓடும்போது வரும். கலங்குவதற்கு ஓட்டையும் காரணமாகலாம், குறுகிய வால்வும் காரணமாகலாம். இரண்டுமே இல்லாமல், மெலிந்த மார்பும் பெரிய நாயைவிட நீர்த்த இரத்தமும் கொண்டு வேகமாக வளரும் ஆரோக்கியமான குட்டியிடமும் சத்தம் கேட்கும். இந்தக் கடைசி வகையைத் தீங்கற்ற முணுமுணுப்பு என்கிறோம். முதல் தடுப்பூசிக்கு வரும் 6 முதல் 8 வாரக் குட்டிகளிடம் இதை அடிக்கடி கேட்கிறேன்.

முணுமுணுப்பை 6 படிகளாகப் பிரிப்போம். முதல் படி, அமைதியான அறையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் தெரியும். ஐந்தாம் படியில் மார்பின் மேல் கை வைத்தாலே, அதிர்வில் வைத்த கைப்பேசியைப் பிடித்ததுபோல் உள்ளங்கையில் உணரலாம். தீங்கற்ற முணுமுணுப்பு பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்குள் இருக்கும். இதயம் சுருங்கும்போது மட்டும் மென்மையாகக் கேட்கும். குட்டி பயந்து துடிப்பு ஏறினால் கூடும், அடங்கினால் குறையும். பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் போய்விடும். மருந்து வேண்டாம், ஓட்டத்தைத் தடுக்க வேண்டாம்.

இன்னொரு காரணத்தையும் நம் மக்கள் மறந்துவிடுகிறார்கள்: இரத்தசோகை. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போய்விடும். அந்தப் புழுவும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இரத்தத்தை உறிஞ்ச, ஈறு வெளுக்கும், இரத்தம் நீர்க்கும், இதயத்தில் சத்தம் பிறக்கும். புழுமருந்து கொடுத்து, இரத்தம் ஊறியதும் அந்தச் சத்தம் காணாமல் போகும். "இதயத்தில் ஓட்டை" என்று ஒதுக்கப்படும் குட்டிக்கு வேண்டியிருந்தது சில வெள்ளி விலையுள்ள புழுமருந்தாக இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பா, வெளுப்பா என்று பார்க்க ஒரு நொடி போதும். அதைக்கூடச் செய்யாமல் ஓர் உயிருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்களே, இது நியாயமா?

திருப்பிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் யோசியுங்கள். தடுப்பூசி முடியாத குட்டி மறுபடியும் கூண்டு மாறும், கை மாறும், பார்வோ கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறும். தீங்கற்ற முணுமுணுப்பு யாரையும் கொல்வதில்லை. பார்வோ கொல்லும்.

நம்பிக்கை: குட்டிதானே, வளர வளரச் சரியாகிவிடும்.

முதல் வதந்திக்குப் பயந்தவர்களைத் தேற்றுவதற்காகக் கிளம்பிய இந்த இரண்டாவது வதந்திதான் அதிகம் கேடு செய்கிறது. எல்லாச் சத்தமும் தானாகப் போவதில்லை.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டியின் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்கு ஒரு குறுக்கு நாளம் இரத்தத்தைத் திருப்பிவிடும். பிறந்த சில நாள்களில் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பெருந்தமனியின் இரத்தம் இடைவிடாமல் நுரையீரலுக்குள் பாயும், இதயத்தின் இடப்பக்கம் வீங்கும். மூடாமல் விட்ட குட்டிகளில் பல ஓராண்டுக்குள் இதயம் செயலிழந்து இறக்கின்றன. உரிய நேரத்தில் மூடினால் பெரும்பாலும் மற்ற நாய்களைப் போலவே வாழும். தொடையில் உள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறிய அடைப்பானை வைத்து மூடலாம். குட்டி மிகச் சிறியதானால் மார்பைத் திறந்து நாளத்தைக் கட்டிவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சத்தம் இடது அக்குளுக்குள், மேலே, மிகச் சிறிய இடத்தில்தான் நன்றாகக் கேட்கும். மார்பின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தால் தப்பிவிடும். இடது முன்னங்காலை முன்னே தள்ளி, அக்குளின் உட்புறம்வரை வைத்துக் கேட்க வேண்டும். அதே நேரம் இன்னொரு கை தொடையின் உட்புறத்தில் நாடி பிடித்திருக்க வேண்டும். நாளம் திறந்திருந்தால் நாடி விரலைத் தூக்கி அடிக்கும்; சத்தம் இயந்திரம் ஓடுவதுபோல் நிற்காமல் தொடரும்.

"அப்போ சத்தம் கேட்டுச்சு, இப்போ இல்ல" என்று மகிழ்வதற்கு முன்னாலும் கவனம் தேவை. திறந்த நாளம் உள்ள சில குட்டிகளில் நுரையீரலின் இரத்த அழுத்தம் ஏறி, ஓட்டத்தின் திசையே மாறிவிடும். அப்போது சத்தம் மங்கும் அல்லது மறையும், பின்னங்கால்கள் தளரும். அந்தக் கட்டத்தில் நாளத்தை மூடவும் கூடாது. சத்தம் போன காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். அதனால் நம் அடுக்குமாடிகளில் பூடில், மால்டீஸ், பொமரேனியன், சிவாவா அதிகம். இந்த இனங்களில் மூடாத நாளம் அதிகம் காணப்படுகிறது, அதிலும் பெண் குட்டிகளில் கூடுதல். பூடில் நாய்களில் இது பரம்பரையாக வருகிறது என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேட்டர்சன் குழு 1971-லேயே எழுதிவிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் விற்பவரிடம் தாய் தகப்பன் நாய்களின் இதயத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

மற்றவை, சுருக்கமாக:

"சத்தம் பெரிதானால் நோயும் பெரிது." எப்போதும் இல்லை. கீழறைச் சுவரில் சின்ன ஓட்டை இருந்தால் பெரிய சத்தம் வரும், குட்டி நன்றாகவே வாழலாம். ஆனால் வால்வு குறுகலில் சத்தமும் தீவிரமும் ஓரளவு சேர்ந்து போகும். கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் பெருந்தமனி வால்வுக்குக் கீழே வரும் குறுகல் குட்டிப் பருவத்தில் மெல்லக் கேட்டு, முதல் ஆண்டில் கூடிக்கொண்டே போகலாம்.

"நல்லா ஓடி விளையாடுது, இதயத்தில் ஒன்றும் இருக்காது." மூடாத நாளத்தோடு வரும் குட்டிகளில் பல, என் மேசையில் ஏறிய உடனே என் காதைக் கடிக்கப் பார்ப்பவைதான்.

"கொசுக்கடியால் வந்த இதயப்புழு." இரண்டு மாதக் குட்டிக்கு வாய்ப்பே இல்லை. கொசு கடித்தபின் புழு முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 6 மாதம் ஆகும். ஆனால் நம் ஊர் கொசு ஊர். மாதாந்திரத் தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள்.

"சத்தம் இருந்தால் தடுப்பூசி போடக்கூடாது." சுறுசுறுப்பாக இருக்கும் குட்டிக்கு மெல்லிய முணுமுணுப்பு ஒரு தடையே இல்லை. தள்ளிப்போட்டுப் பார்வோவுக்குப் பலி கொடுக்காதீர்கள்.

"பூண்டு இதயத்துக்கு நல்லது, சோற்றில் ஒரு பல் நசுக்கிப் போடலாம்." தயவுசெய்து வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் வரும் இரத்தசோகையே புதிதாக ஒரு முணுமுணுப்பை உண்டாக்கும். ரசச் சோறும் குழம்புச் சோறும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

"நாய்க்குப் போய் இதய சிகிச்சையா?" குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சையில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களிடம் செய்து தேர்ந்த முறையைக் கொண்டுதான் 1944-இல் பிறவி இதயக் குறையால் நீலம்பாய்ந்த ஒரு குழந்தையின் உயிரைக் காக்க அறுவை செய்தார்கள். அந்த ஆய்வில் பிழைத்த அன்னா என்ற நாயின் படம் அங்கே மாட்டப்பட்டது. 2024-இல் தில்லியில் ஒரு பீகிள் நாயின் இதய வால்வை, நெஞ்சைப் பிளக்காமல் குழாய் வழியாகச் சீர்செய்திருக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கு நாய்கள் கொடுத்த கடனில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது பெரிய விஷயம் அல்ல.

கடைசியாக, நான் எங்கே பேசினாலும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குட்டியின் முகத்தைப் பார்த்து அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். முதலில் மருத்துவர் கேட்கட்டும், பிறகு பணம் கட்டுங்கள். பிறவி இதயக் குறை உள்ள நாயை, சிகிச்சையில் குணமான பிறகும், இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், கருத்தடை செய்யுங்கள். முடிந்தால் தத்தெடுங்கள். 2012 முதல் 'புராஜெக்ட் அடோர்' திட்டத்தில் வீவக வீடுகளிலும் நம் ஊர்க் கலப்பின நாய்களுக்கு இடம் உண்டு. அவற்றுக்கும் இதய நோய் வரலாம். ஆனால் அழகுக்காக நோயைப் பரம்பரையாக வளர்க்கும் வியாபாரத்துக்கு உங்கள் காசு போகாது.

குட்டிக்குச் சத்தம் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது படி? விட்டு விட்டுக் கேட்கிறதா, தொடர்ந்தா? அடுத்து எப்போது கேட்க வேண்டும்? முதல் இரண்டு படி என்றால் ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். மூன்றும் அதற்கு மேலும் என்றால், தொடர்ந்து கேட்டால், குட்டி மயங்கி விழுந்தால், நாக்கு நீலம் பாய்ந்தால், வளர்ச்சி குன்றினால் உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். 6 மாதம் தாண்டியும் சத்தம் நீடித்தாலும் எக்கோ எடுங்கள். எக்கோ முடிவு கைக்கு வரும்வரை பக்கத்து வீட்டுத் தீர்ப்பு எதையும் காதில் வாங்காதீர்கள், குட்டியைக் கைவிடாதீர்கள்.