தீப்புண்ணும் குறியெண்ணும்

கடுஞ்சொல்லின் வடுவோடு ஒப்பிடும்போது, தீப்புண் உள்ளே ஆறிவிடும் என்றார் திருவள்ளுவர். அடக்கமுடைமை அதிகாரத்தில் அக்குறளை நீங்கள் படித்திருப்பீர்கள். தீப்புண் ஆறும் என்பது உண்மையே. அது முகத்தில் ஏற்பட்டதாயின், ஆறுவதற்கு எத்துணைக் காலம் ஆகும்?

2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். அந்த எண்ணை நாடே அறியும். காயங்களோடு உயிர்பிழைத்த 18 குழந்தைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இறப்பு ஒரே நாளில் செய்தியாகிறது. தொடர் சிகிச்சை பல ஆண்டுகள் நீள்வதால் செய்தியாவதில்லை.

புண்ணின்மேல் புதுத்தோல் மூடியதும் வீட்டார் நிம்மதி அடைகின்றனர். தழும்பின் வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது. ஆழ்ந்த தீக்காயத்தின் தழும்பு முதற்சில மாதங்களில் தடித்து இறுகும். அது முதிர்ந்து மென்மையாக ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். இறுகும் தழும்பு அருகிலுள்ள தோலைத் தன்பால் இழுக்கும். கீழிமை இழுபட்டால் உறக்கத்திலும் கண் மூடாது. கருவிழி உலர்ந்து புண்ணாகும். வாயோரம் இறுகினால் சோற்றுக் கவளம் நுழையாது. கழுத்துத் தழும்பு மோவாயை மார்பை நோக்கி இழுக்கும். குழந்தைகளுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. முகம் வளரும், தழும்பு அதே அளவில் வளராது. ஆதலின் ஐந்து வயதில் செய்த அறுவைச் சிகிச்சையைப் பத்து வயதில் மீண்டும் செய்ய நேரிடலாம்.

தழும்பை அடக்க அழுத்த முகக்கவசமும் சிலிக்கோன் தகடும் உதவுகின்றன. புதுத்தோல் வெயிலில் எளிதில் கறுக்கும். நம் தீவுகளில் இதைக் காப்பதுதான் கடினம். முகப் பயிற்சியும் வேண்டும். வாயை அகலத் திறத்தல், உதடுகளை இருபுறமும் விரித்தல், பின்னர்க் குவித்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். நன்னூல் எழுத்தியலில் நாம் படிக்கும் அங்காப்பும் இதழ் குவிவும் இவையே அல்லவா! இலக்கணம் பயனற்றது என்போரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி, குறியெண். நம் தீவுகளுக்கும் சென்னைக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உள்ளது. போர்ட் பிளேயரில் முதற் சிகிச்சை பெற்ற சிறுமி ஒருத்தி, தீக்காயத்திற்கெனத் தனிப்பிரிவுள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் பின்னர்ச் செல்வதாகக் கொள்வோம். தாய் தமிழில் சொன்னதை இங்குள்ளவர் இந்தியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மொழி மாறினும் மாறாதது குறியெண். 1893இல் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அளித்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்ததே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாடு. அதன் பத்தாம் திருத்தத்தில் டி20 என்பது தலை, கழுத்துத் தீக்காயம். முகமும் இதில் அடங்கும். புள்ளிக்குப் பின்வரும் 1, 2, 3 காயத்தின் ஆழத்தைக் குறிக்கும். கண்ணில் மட்டும் பட்ட தீக்காயத்திற்கு டி26 எனத் தனி எண் உண்டு.

ஐந்தாண்டுகள் கழித்து இமையைச் சரிசெய்ய அச்சிறுமி வரும்போது டி20.3 என்றே எழுதினால், கணக்கில் அவள் புதிதாகத் தீயில் சிக்கியவள் ஆகிவிடுவாள். வெறும் ‘தழும்பு’ என்று எழுதினால் தீயே மறைந்துவிடும். இரண்டும் பிழை. பின்விளைவுக்கென்றே டி95.0 என்னும் எண் உள்ளது. அமெரிக்கப் பதிப்பு இன்னும் நுணுக்கமானது. உதடு, மூக்கு, மோவாய் எனத் தனித்தனி எண்களும், முதற் சிகிச்சை, தொடர் சிகிச்சை, பின்விளைவு ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் எழுத்துகளும் அதில் உண்டு. ஆயினும், எந்தக் கண் இரவில் மூடவில்லை என்பதை டி95.0 சொல்லாது. அதை மருத்துவர் சொற்களால்தான் எழுதவேண்டும். அத்தாளைப் பத்திரமாக வைத்திருப்பது வீட்டார் கடமை.

அருஞ்சொற்பொருள்: வடு – தழும்பு; அங்காப்பு – வாய் திறத்தல்; மோவாய் – முகவாய்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கீழிமை, ஈராண்டு.
2. அ, இ, உ ஆகியவற்றைக் கண்ணாடி முன் ஒலித்து, ஒவ்வொன்றிலும் உதடுகள் எவ்வாறு அசைகின்றன என எழுதுக.
3. ஐந்தாண்டுக்குப் பின் வந்த சிறுமிக்கு டி20.3 என்று எழுதுவது ஏன் பிழை? மூன்று வரிகளில் விடை தருக.