வாய் திறக்கும் அளவு: தாடை மூட்டின் நலமும் பல் மருத்துவரும்

உடலிலுள்ள மூட்டுகளுள் முழங்காலைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். உண்ணவும் பேசவும் கொட்டாவி விடவும் நாள்தோறும் ஓயாது உழைக்கும் தாடை மூட்டைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. அது வலிக்கத் தொடங்கிய பின்னரே அப்படி ஒரு மூட்டு உண்டு என்பது பலருக்கு நினைவுக்கு வருகிறது.

காஞ்சிபுரத்தைப் போன்ற நெசவு ஊர்களில் இதனைச் சிறப்பாக எடுத்துக் கூறவேண்டியிருக்கிறது. அதற்குக் காரணங்கள் இரண்டு. பிள்ளையார்பாளையத்திலும், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் தறியில் அமர்பவர்கள் பல மணி நேரம் தலையைக் குனிந்து, கண்ணை இழையிலே நிறுத்தி உழைக்கிறார்கள். கழுத்தும் தாடையும் இறுகி நிற்கும் உழைப்பு அது. அடுத்து, சலிப்பையும் தூக்கத்தையும் போக்கப் பாக்கையோ புகையிலையையோ வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உழைக்கும் மக்களிடையே எங்கும் காணப்படுகிறது.

தசையும் மூட்டும் இறுகுவதால் வரும் துன்பம் பெரும்பாலும் எளிய சிகிச்சையில் தீர்ந்துவிடும். பாக்கினால் வரும் இறுக்கமோ உயிருக்கே இடையூறாக முடியலாம். ஆனால் இரண்டும் ஒரே குறியைக் காட்டக்கூடும்: வாய் முன்போல் திறவாது. இன்னது இது என்று பிரித்தறிந்து சொல்லக்கூடியவர் பல் மருத்துவர். ஆதலால், பல் வலி வந்தால் மட்டுமே அவரிடம் செல்லவேண்டும் என்ற எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்வது அவசியம்.

மூட்டின் அமைப்பு

காதுத் துவாரத்திற்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலின் கீழ் ஏதோ ஒன்று அசைவது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் உருண்ட முனை, மண்டையோட்டின் பக்க எலும்பிலுள்ள ஒரு குழியில் பொருந்துமிடம் அதுவே. எலும்பும் எலும்பும் உராயாதபடி நடுவில் மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. வாயைத் திறக்கும்போது அந்த முனை முதலில் கதவின் கீலைப் போலச் சுழல்கிறது. மேலும் திறக்கையில் தட்டோடு சேர்ந்து முன்னோக்கி வழுக்குகிறது.

வலப்புறத்து மூட்டும் இடப்புறத்து மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகளில் உள்ளன. ஆகையால் இரண்டும் இணைந்தே இயங்கவேண்டும். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமையும் அச்சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளரும் துணையாளும் ஒருவர்க்கொருவர் காலம் தவறாது நாடாவைச் செலுத்தினால்தான் கரை ஒழுங்காக வரும். ஒருவர் பிந்தினாலும் கரை கெட்டுவிடும். தாடையிலும் ஒருபுறத்து மூட்டு தடைப்பட்டால், வாய் நேராகத் திறவாமல் ஒரு பக்கமாகக் கோணும்.

கோளாறு தோன்றும் விதம்

வாயைத் திறக்கும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்பது பலருக்கு உண்டு. வலியும் தடையும் இல்லாத வெறும் ஒலிக்குச் சிகிச்சை தேவையில்லை. காதின் முன்னே வலி, மெல்லும்போது கன்னத்தில் அயர்ச்சி, காலையில் எழும்போது பொட்டில் தலைவலி, வாய் பாதியில் சிக்கிக்கொள்ளுதல் ஆகியவையே கவனிக்கத்தக்க குறிகள். இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம், அவர்களுள்ளும் பெண்களிடம், இக்கோளாறு மிகுதியாகக் காணப்படுகிறது.

பல்லோடு பல் தொடுவது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே. மற்ற நேரங்களில் உதடுகள் மூடியிருக்க, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே சிறிது இடைவெளி இருப்பதே இயற்கை. கவலையிலும் கூர்ந்த வேலையிலும் இருப்பவர்கள் தம்மையறியாமல் பல்லை இறுகக் கடிக்கிறார்கள். சிலர் இரவில் உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பதும் உண்டு. ஓய்வின்றி இறுகிய தசை வலிக்கத் தொடங்குகிறது. ஒருபுறமே மெல்லுதல், நூலைப் பல்லால் கடித்து அறுத்தல், தாடையில் அடிபடுதல், மூட்டுவாதம் ஆகியவையும் இத்துன்பத்தை வளர்க்கக்கூடும்.

இக்கோளாற்றை மருத்துவ உலகம் படிப்படியாகவே விளங்கிக்கொண்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது, தொண்டை மருத்துவரான ஜேம்ஸ் காஸ்டன், 1934-ஆம் ஆண்டில் பதினொரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதால் காது வலியும் தலைவலியும் வருகின்றன என்பது அவர் கருத்து. அவர் கூறிய காரணங்களைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. ஆயினும், காது வலி என்று வருபவரின் தாடையையும் பார்க்கவேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது. காதில் நோய் எதுவும் இல்லை என்று காது மருத்துவர் சொன்ன பின்னும் வலி நீங்காதவர்கள் பல் மருத்துவரை நாடுவது இன்றைக்கும் தக்க வழியாகும்.

பல் மருத்துவர் செய்யும் உதவி

பல் மருத்துவர் முதலில் வாய் திறக்கும் அளவை மில்லிமீட்டரில் அளக்கிறார். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கவேண்டும். பிறகு மூட்டையும் தசைகளையும் விரலால் அழுத்திப் பார்க்கிறார்; தேய்ந்த பற்களையும் கன்னத்தின் உட்புறத்தையும் நோக்குகிறார். தேவையானால் மட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுகிறார்.

சிகிச்சையோ மிக எளிது. சில வாரங்கள் மென்மையான உணவு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாளைக்கு இருமுறை ஒற்றடம். பல்லைக் கடிக்காதிருக்கும் பயிற்சி. தாடையை மெல்ல அசைக்கும் பயிற்சி. மருத்துவர் குறிக்கும் வலி மருந்து சில நாட்கள். இட்லியும் குழைந்த சோறும் உண்ணும் நம் நாட்டில் மென்மையான உணவுக்குக் குறைவில்லை. இரவில் பல் கடிப்பவர்களுக்குப் பல்வரிசையின் அச்செடுத்து, அதன்மேல் பொருந்தும் தகடு ஒன்றைச் செய்து தருகிறார்கள். பெரும்பாலோர் இவற்றாலேயே குணமடைகிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மிகச் சிலரே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தாடையைச் சரிசெய்தால் உடம்பிலுள்ள எல்லா நோயும் தீரும் என்று சொல்லுவாரை நம்பவேண்டாம். தாடை வலிக்காக நல்ல பற்களைத் தேய்ப்பதும், பல்வரிசை முழுவதையும் மாற்றுவதும் திரும்பப் பெறமுடியாத காரியங்கள், பெருஞ்செலவும் ஆகும். எளிய சிகிச்சையைச் செய்து பாராமல் இவற்றில் இறங்குவது முறையன்று. வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

கொட்டாவி விடும்போது தாடை நழுவி, வாயை மூட முடியாமல் போவதும் உண்டு. அப்போது வீட்டிலுள்ளவர்கள் தட்டியும் இழுத்தும் சரிசெய்ய முயலலாகாது. தாடையைத் துணியால் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். பயிற்சி பெற்ற கை சில நிமிடங்களில் அதனைத் தன் இடத்தில் அமர்த்திவிடும்.

பாக்கினால் வரும் இறுக்கம்

இனி, மிகவும் அஞ்சத்தக்க மற்றொன்றைக் காண்போம். இதில் மூட்டு நன்றாகவே இருக்கும். கன்னத்தின் உட்புறத் தோல் இறுகிவிடுவதால் வாய் திறவாது. கென்யா நாட்டில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பார் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே பம்பாயில் டாக்டர் ஜோஷி நம் நாட்டு நோயாளிகளிடம் இதனைக் கண்டு விவரித்தார். இந்நோய்க்கு முதன்மையான காரணம் பாக்கு என்பது பின்னர் உறுதியாயிற்று. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள், தோலின் அடியில் நார்த் திசுவை அளவுக்கு மீறி வளரச் செய்கிறது. மென்மையாக விரியவேண்டிய கன்னம், கயிறு கட்டியது போல் ஆகிவிடுகிறது.

காஞ்சிபுரம் இட்லியிலுள்ள மிளகும் இஞ்சியும் முன்பெல்லாம் சுவையாக இருந்து, இப்போது வாயை எரிக்கின்றனவா? அது முதற்குறியாக இருக்கலாம். அடுத்துக் கன்னத்தின் உட்புறம் வெளுக்கும். விரலால் தடவினால் நார்போன்ற பட்டைகள் தட்டுப்படும். நாக்கை முழுவதும் நீட்ட இயலாது. வாய் மாதத்திற்கு மாதம் சுருங்கும். மூட்டுக் கோளாற்றைப் போல வலி இல்லாததால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. வாய் ஒரு விரல் அளவே திறக்கும் நிலைக்கு வந்தவர், சோற்றுக் கவளத்தை உள்ளே செலுத்தவும் வருந்துவார்.

இத்தோலில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. புகையிலை இல்லாத பாக்குத்தானே என்று ஆறுதல் கொள்வதற்கு இனி இடமில்லை. பொட்டலப் பாக்குத் தூள்கள் இந்நோயை இன்னும் விரைவில், இளம் வயதிலேயே கொண்டுவருகின்றன. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாடு அரசு 2013 மே மாதத்தில் தடை விதித்ததன் நோக்கம் இத்தகைய கேடுகளைத் தடுப்பதே.

காஞ்சியிற் பிறந்து 1967-இல் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் நகரை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. அங்கே செல்லவேண்டிய நிலை வருமுன் காப்பதே அறிவுடைமை. பாக்கை அடியோடு நிறுத்தினால் நோய் மேலும் முற்றாமல் தடைப்பட வாய்ப்புண்டு. ஆனால் இறுகிய தோல் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே எவ்வளவு முன்னதாக நிறுத்துகிறோமோ அவ்வளவு நன்மை. பயிற்சி, ஊசி மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றை நோயின் நிலைக்கேற்பப் பல் மருத்துவர் செய்வார். நோய் கண்டவர்கள் குணமடைந்ததாக எண்ணிய பின்னும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

தாம்பூலம் நம் மரபில் மங்கலப் பொருள். அதனை மதிப்போடு வழங்குவதற்கும் பெறுவதற்கும் தடையில்லை. தட்டிலிருக்கும் பாக்கு வாய்க்குள் செல்லவேண்டும் என்பது கட்டாயமும் இல்லை.

வாயும் உடலும்

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் பற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் கட்டுபவரைப் பார்த்த பல் மருத்துவர், இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்வது இதனாலேயே. இருதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் பல் எடுப்பதற்கு முன் அதனை மருத்துவரிடம் தவறாது சொல்லவேண்டும். வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் வால்வைத் தாக்கக்கூடும்.

எல்லாத் தாடை வலியும் பல் மருத்துவருக்கு உரியதன்று. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் வலி தோன்றி, மார்பில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது இருதய நோயாக இருக்கலாம். காயம் பட்ட சில நாட்களில் தாடை இறுகிப் பூட்டிக்கொண்டால் அது வில்வாத ஜன்னியாக இருக்கலாம். காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வாய் மூடிக்கொண்டால் கடைவாய்ப் பல்லின் சீழாக இருக்கலாம். இம்மூன்றிலும் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மூன்று விரல் சோதனை

ஒவ்வொருவரும் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க சோதனை ஒன்று உண்டு. தம் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்க்கவேண்டும். மூன்றும் நுழைந்தால் நலம். இரண்டே நுழைந்தால் விரைவில் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஒன்றே நுழைந்தால் அந்த வாரமே செல்லவேண்டும். பாக்கு மெல்லும் பழக்கமுடையவர்கள் மாதத்திற்கு ஒருமுறை இதனைச் செய்துகொள்வது நன்று.

காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேற்சிகிச்சை தேவைப்படுபவர்களுக்குச் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்த கல்லூரி அது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூலும் ஜரிகையும் வழங்கும் நாட்களில் இச்சோதனையைத் தம் உறுப்பினர்களுக்குக் கற்பிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடுதோறும் செல்லும் பெண் தன்னார்வலர்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து தரும்போதே ‘மூன்று விரல் நுழைகிறதா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பள்ளி ஆசிரியர்கள் பொட்டலப் பாக்கைப் பற்றி மாணவர்களுக்கு எச்சரிக்கலாம். தறியில் அமர்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தை நிமிர்த்தி, பல்லைக் கடித்திருந்தால் தளர்த்திக்கொள்ளலாம். இவற்றுள் எதற்கும் பணச் செலவில்லை.

இழையில் விழுந்த முடிச்சை அப்போதே அவிழ்ப்பவரே நல்ல நெசவாளர். பல முழம் நெய்த பிறகு அவிழ்க்க முயன்றால் துணியே கெடும். வாயின் இறுக்கமும் அத்தகையதே. மூன்று விரல் இரண்டாகும் முன்னரே மருத்துவரை நாடி, நம் கிராம மக்கள் நலம் பெறுவார்களாக.