ஒரே ஒரு பொய்

படப்பையிலிருந்து படம் அனுப்பிய மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உன் ஆயா வாசல் திண்ணைக்கு முன்னால், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மிதக்கிறார். பின்னால் ஒரு திமிங்கலம். வானத்தில் இரண்டு நிலா.

ஆயா அருமை. திமிங்கலம் நெட்டிலிருந்து இறக்கியது என்று பார்த்ததுமே தெரிகிறது. ஆயாவின் மூக்கு நிழல் ஒரு பக்கம் விழுகிறது, திமிங்கலத்தின் நிழல் எதிர்ப்பக்கம். இரண்டு நிலாவை நம்பிவிடுவேன் அம்மா, இரண்டு சூரியனை நம்ப முடியாது. இந்த வேலையில் நான் கண்ட விதி இதுதான்: படத்தில் பொய் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதைச் சுற்றியுள்ளதெல்லாம் நிஜமாக இருந்தால்தான் அந்தப் பொய் நிற்கும்.

நான் தாம்பரத்தில் ஒரு போட்டோ கடையில் டச்சிங் பழகிய காலத்தில், கணவரை இழந்த அம்மாக்கள் கைக்குட்டையில் முடிந்த ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு வருவார்கள். சேர்ந்து எடுத்த படமே இல்லை, பக்கத்தில் வைத்துக் கொடுங்கள் என்பார்கள். அந்தத் தலையை வெட்டி, யாரோ ஒருவரின் கோட்டுப் போட்ட உடம்பில் ஒட்டி, ஓரத்தை பிளேடால் சீவி, பிரஷ்ஷால் பூசி, மறுபடியும் கேமராவில் எடுப்போம். முடித்துப் பார்த்தால் அவருக்கு முப்பது வயது, பக்கத்தில் அந்த அம்மாவுக்கு அறுபது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மாலை போட்டுக் கும்பிட்டார்கள். சர்ரியலிசம் என்ற சொல்லை அந்தக் கடையில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

கலைஞர் விவான் சுந்தரம் 2001-02இல் செய்த ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’ வரிசையைத் தேடிப் பார். தன் தாத்தா உம்ராவ் சிங் ஷெர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் இணைத்து, வெவ்வேறு காலத்து ஆட்களை ஒரே சட்டத்துக்குள் உட்கார வைத்தார். ஓவியர் அம்ரிதா அவருக்குப் பெரியம்மா, 1941இலேயே இறந்தவர். எங்கள் கடை அம்மாக்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜெர்ரி உல்ஸ்மனையும் பார். 1990இல் போட்டோஷாப் வருவதற்குப் பல வருஷம் முன்பே, இருட்டறையில் என்லார்ஜர்களை வரிசையாக வைத்து ஒரே தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி இந்த மாயத்தைச் செய்தவர்.

இனி ஆயாவை மறுபடி மிதக்க வைப்போம். கேமராவை ஸ்டாண்டில் பூட்டு. ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் எதையும் ஆட்டோவில் விடாதே. முதலில் ஆள் இல்லாமல் வெறும் வாசலை ஒரு படம் எடு. பிறகு ஆயாவை ஸ்டூலில் உட்கார வைத்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் டீ குடிக்கப் போகாதே, மேகம் வந்தால் எல்லாம் போச்சு. பிறகு ஆயா படத்தை மேல் லேயரில் வைத்து, ஸ்டூலை மட்டும் மாஸ்க்கால் மறை. எரேசரைத் தொடாதே, அழித்தது திரும்ப வராது. ஸ்டூலில் அமுங்கிய புடவை மடிப்பு உன்னைக் காட்டிக்கொடுக்கும். அதனால் கீழே தொங்கும் முந்தானையைத் தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். கடைசியாக நிழல். ஸ்டூலின் நிழலை எடுத்துவிடு, ஆயாவின் நிழலைத் தரையில் விடு. உன் படத்தில் தரையில் ஆயாவின் நிழலே இல்லை. அதனால்தான் ஆயா மிதக்காமல், ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறார்.

திமிங்கலத்துக்குப் பதில் என்ன என்று கேட்பாய். உங்கள் ஊர்ப் பெயரைப் பிரித்தால் படப் பை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பழந்தமிழில் படப்பை என்றால் வீட்டை ஒட்டிய தோட்டம், கொல்லை. அங்கேயே தேடு. ஒரகடம் ரோட்டில் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிப் போகும் டிரெய்லரைத் தினமும் பார்க்கிறாய். அது உன் ஆயாவின் கொல்லையில் வாழைக்கு நடுவே நின்றால் எப்படி இருக்கும்? அப்போது ஆயா மிதக்க வேண்டாம், சும்மா முறைத்தால் போதும்.

இன்னொன்று. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, பிரதமர் ஹெலிகாப்டரிலிருந்து சென்னையைப் பார்ப்பதாக மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேறொரு காட்சியை ஒட்டியிருந்தார்கள். ஊரே சிரித்தது, படத்தை நீக்கினார்கள். நம் கண்ணுக்கு அது தொழில் பிழை: மழைக்காலத்து மங்கலான ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு துல்லியம் வராது. ஆனால் எனக்குக் கோபம் அதனால் இல்லை. அது செய்தி என்று சொல்லிக்கொண்டு வந்த படம். உன் ஆயா மிதப்பதை எவரும் செய்தியாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆயாவிடம் படத்தைக் காட்டினாயா? காட்டாமல் எங்கும் போடாதே. அவருக்குப் பிடிக்காவிட்டால் உனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும், நான் மாடியில்தான் இருப்பேன். வரும்போது முடித்த படம் மட்டும் போதாது. ஸ்டூல் தெரிகிற படத்தையும் கொண்டு வா.