மண்ணுக்கடியில் ஒரு வெள்ளைக் கல்

மேற்குச் செர்பியாவில், லோஸ்னிட்சா நகரத்தை ஒட்டி யாடார் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் சோளக் கொல்லைகள், பிளம்ஸ் மரங்கள், ராஸ்பெரித் தோட்டங்கள், தேனீப் பெட்டிகள் எனக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேளாண்மைதான். உலகில் ராஸ்பெரிப் பழத்தை மிகுதியாக விளைவிக்கும் நாடுகளுள் செர்பியாவும் ஒன்று. பேசுவது போலவே எழுத வேண்டும் என்ற கொள்கையுடன் செர்பிய எழுத்துமுறையைச் சீரமைத்த வூக் கராஜிச் 1787இல் பிறந்த சிற்றூரும் இப்பகுதியில்தான் இருக்கிறது.

2004இல் ரியோ டின்டோ என்னும் பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்தின் நிலவியலாளர்கள் இப்பள்ளத்தாக்கில் துளையிட்டுப் பார்த்தனர். அவர்கள் தேடியது போரான் தாதுவை. ஆனால், ஆழத்திலிருந்து வந்த கல்லில் எந்தக் கனிமப் பட்டியலிலும் இல்லாத வெள்ளைப் பொருள் ஒன்று இருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறிவியலாளர்களும் அதனை ஆராய்ந்தனர். அது புதிய கனிமம் என்பது உறுதியாயிற்று. ஆற்றின் பெயரால் அதற்கு யாடரைட் எனப் பெயர் சூட்டினர். ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ திரைப்படத்தில் கிரிப்டோனைட் என்ற கற்பனைக் கல் வருகிறதல்லவா? அதற்குப் படத்தில் சொல்லப்படும் வேதியியல் பெயரும் யாடரைட்டின் வேதியியல் பெயரும் ஏறக்குறைய ஒன்றே! 2007இல் நாளிதழ்கள் இதனை வேடிக்கையாக எழுதி மகிழ்ந்தன.

வேடிக்கை நீடிக்கவில்லை. யாடரைட்டில் போரானோடு லித்தியமும் கலந்திருந்தது.

உலோகங்களிலேயே மிக இலேசானது லித்தியம். எண்ணெயில் போட்டாலும் மிதக்கும். கைப்பேசியிலிருந்து மின்சாரக் கார்வரை பயன்படும் மின்கலங்களுக்கு இது அடிப்படைப் பொருள். ஒரு மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 8 கிலோகிராம் லித்தியம் தேவைப்படும். இன்று உலகின் லித்தியத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, சிலி, சீனா ஆகிய நாடுகளில் எடுக்கப்படுகிறது. அதனைச் சுத்திகரிப்பதில் சீனாவே முன்னிலை வகிக்கிறது. கார்த் தொழிலை உயிர்மூச்சாகக் கொண்ட ஐரோப்பாவுக்கு இது பெருங்கவலை. ஆகவே, 2030க்குள் தனக்கு வேண்டிய முக்கியக் கனிமங்களில் 10 விழுக்காட்டையாவது தன் மண்ணிலேயே வெட்டியெடுக்க வேண்டும், எந்த ஒரு வெளிநாட்டையும் 65 விழுக்காட்டுக்கு மேல் நம்பியிருக்கக் கூடாது என்ற இலக்குகளுடன் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

யாடார் திட்டம் இந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 2021 ஜூலையில் ரியோ டின்டோ 240 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டை அறிவித்தது. ஆண்டுக்கு 58,000 டன் லித்தியம் கார்பனேட் கிடைக்கும். அதைக் கொண்டு ஒரு மில்லியன் மின்சாரக் கார்களுக்கு மின்கலம் செய்யலாம் என்று அது கணக்கிட்டது. இதற்காக வெட்டப்படவிருந்தது நிலத்தடிச் சுரங்கம்.

நிலத்தடிச் சுரங்கம் என்றதும், மேலே நிலம் அப்படியே இருக்கும் என்று நமக்குத் தோன்றும். பேரா மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த இடங்களில் இன்றும் குளங்களாகத் தேங்கி நிற்கும் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் ஆறுதலாகவும் இருக்கும். அதில் ஓரளவு உண்மை உண்டு. திறந்தவெளிச் சுரங்கத்தைப் போல மலையையே பெயர்க்க வேண்டியதில்லை. ஆயினும், பூமிக்குள் வேலை செய்ய வேண்டுமானால் அங்கு ஊறும் நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். அவ்வாறு இறைத்தால் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் தாழக்கூடும். வெட்டிய கல் மேலே வந்தாக வேண்டும். யாடரைட்டை உடைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால்தான் லித்தியம் பிரியும். எஞ்சும் கழிவில் ஒரு பகுதியைச் சுரங்கத்துக்குள்ளேயே நிரப்பலாம். மீதியை நிலத்தின்மேல்தான் குவிக்க வேண்டும். சுரங்கம் மண்ணுக்கடியில் இருந்தாலும் ஆலையும் கழிவுமேடும் வெயிலிலும் மழையிலும்தான் இருக்கும்.

மழை என்பது அங்கு வெறும் சொல் அன்று. 2014 மே மாதத்தில் செர்பியாவைப் பெருவெள்ளம் தாக்கியபோது, அருகிலுள்ள ஸ்டோலிட்சே என்ற பழைய ஆன்டிமனி சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. நச்சுச் சேறு, யாடாரில் கலக்கும் கொரெனிதா ஆற்றில் இறங்கி வயல்களில் படிந்தது. சூடுகண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? கழிவிலுள்ள நீரைப் பிழிந்து உலர்ந்த கட்டிகளாகவே அடுக்குவோம் என்று ரியோ டின்டோ விளக்கியும் உழவர்கள் நம்பவில்லை. கோர்ன்யே நெடெல்யிட்சே சிற்றூரில் சிலர் நிறுவனத்துக்கு வீட்டை விற்று வெளியேறினர். சிலர் எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டோம் என்றனர். ஒரே தெருவில் இப்படி இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டால், அந்த ஊரில் அதன்பின் நல்லது கெட்டதுக்கு யார் யார் வீட்டுக்குப் போவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு தலைநகருக்கும் பரவியது. யாடார் ட்ரினாவில் கலக்கிறது. ட்ரினா சாவாவில் கலக்கிறது. பெல்கிரேட் மக்களின் குடிநீரில் பெரும்பங்கு சாவா ஆற்றங்கரைக் கிணறுகளிலிருந்து வருகிறது. எனவே, ஆற்றின் மேற்பகுதியில் நடப்பதைத் தங்களுக்குத் தொடர்பில்லாத ஒன்றாக நகரத்தார் கருதவில்லை. 2021 இறுதியில் பல்லாயிரவர் நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் மறித்தனர். டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்கூடத் தூய காற்றும் நீரும் வேண்டும் என்று அவர்கள் பக்கம் நின்றார். 2022 ஜனவரியில் பிரதமர் அனா பர்னபிச்சின் அரசு உரிமங்களை ரத்துச் செய்தது.

ஆதரிப்பவர்களையும் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. எண்ணெய் எரியும் கார்களைக் கைவிட வேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் லித்தியத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். கண்ணுக்கெட்டாத பாலைவனத்தில் எடுத்தால் சரி, நம் ஊரில் எடுத்தால் தவறு என்பது எப்படி நியாயமாகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். வேலைவாய்ப்பும் வரி வருவாயும் வரும் என்பது அரசின் வாதம். இந்தக் கேள்விகள் வலுவானவையே. எனினும், செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடன்று. பல ஆண்டுகளாக வாசலில் காத்திருக்கும் நாடு. காரும் அதன் இலாபமும் ஜெர்மனிக்கு, கழிவு மட்டும் எங்களுக்கா என்று கோபப்படும் உழவரின் கேள்விக்கு அந்த வாதங்களில் விடையில்லை.

2024 ஜூலையில், உரிமத்தை ரத்துச் செய்தது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு திட்டத்துக்கு உயிர்கொடுத்தது. சில நாளிலேயே ஜெர்மனியின் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் பெல்கிரேடுக்கு வந்திருக்க, ஐரோப்பிய ஒன்றியத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே கோடையில், துளையிட்ட இடங்களுக்கு அருகே ஆற்றுநீரில் போரான், ஆர்சனிக், லித்தியம் ஆகியவை கூடியிருப்பதாகச் செர்பிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் தரவுகள் தவறானவை என்று நிறுவனம் மறுத்தது. ஆகஸ்டு 10ஆம் நாள் பல்லாயிரவர் பெல்கிரேடில் திரண்டனர். சிலர் இரயில் நிலையத் தண்டவாளங்களில் அமர்ந்தனர்.

2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் யாடாரை முக்கியத்துவம் வாய்ந்த திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால், அதே ஆண்டு நவம்பரில், அனுமதிகள் கிடைப்பதில் முன்னேற்றம் இல்லாததால் திட்டத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாக ரியோ டின்டோ அறிவித்தது. சுரங்கத் தொழிலில் இதற்குக் கைவிடுதல் என்று பொருளில்லை. நிலமும் கருவிகளும் பாதுகாக்கப்படும். புதிய வேலை மட்டும் நடைபெறாது. யாடரைட் இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. அதன்மேல் சோளம் விளைகிறது.